இரவல் முடி

சென்னியப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விளம்பரங்களில் அவரை அந்தத் தலைப்பாகை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அதற்குக் கீழே, காதுகளுக்கு மேல் மெல்லிய வளையமாகக் கொஞ்சம் முடி. மற்றபடி வெறும் பளபளப்பு.

"சிரிச்சுக்குங்க டாக்டரம்மா," என்றார். "தமிழ்நாடு பூரா கூந்தல் எண்ணெய் விக்கறவன் மண்டை இதுதானுங்க. காங்கேயத்துல பசங்க எனக்கு வெச்சிருக்கற பேரு தெரியுமுங்களா? மொட்டைக் கொப்பரை."

டாக்டர் சிந்துஜா சிரிக்கவில்லை. கோயம்புத்தூரில் முடி சிகிச்சைக்கென்று அவள் நடத்தும் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இப்படி ஒரு நகைச்சுவையைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். விளக்கிச் சொல்வது அவளுக்குப் பிடித்த வேலை. நோயாளி யாராக இருந்தாலும் அதில் அவள் குறை வைத்ததில்லை. இவருக்கும் வைக்கவில்லை.

"முடின்னு வெளிய தெரியுதே சார், அது செத்த பொருள். உயிர் இருக்கறது தோலுக்கு அடியில, ஒரு சின்னக் குழியில. குழிக்கு அடியில வெங்காயம் மாதிரி ஒரு குமிழ். அந்தக் குமிழுக்குள்ள கொஞ்சூண்டு செல்லுங்க இருக்கு. அதுதான் முதலாளி. அது 'வளரு'ன்னா முடி வளரும், 'நில்லு'ன்னா நிக்கும்."

"என் மண்டையில முதலாளிக எல்லாம் லீவுல போயிட்டாங்களாட்ட இருக்குது."

"போகல. சுருங்கிட்டாங்க. ஆம்பளைங்க உடம்புல ஓடற ஒரு ஹார்மோன், உச்சியில இருக்கற குமிழை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கும். பின்மண்டைக் குமிழ் அதுக்கு மசியாது. அதனாலதான் வழுக்கை விழுந்தவங்க எல்லாருக்கும் லாடம் மாதிரி ஒரு வளையம் மட்டும் மிஞ்சுது."

பிறகு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தடவுகிற மருந்தும் மாத்திரையும் இருக்கிற முடியைக் காப்பாற்றும். போன முடியைப் பெரிதாகத் திருப்பித் தராது. நிறுத்தினால் காப்பாற்றியதும் கொட்டிவிடும். இன்னொரு வழி, பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடுவது. நட்ட இடம் மாறினாலும் அந்த முடி தன் பழைய இடத்தின் குணத்தை விடாது. பின்மண்டை முடி நெற்றிக்கு வந்தாலும் பின்மண்டை முடியாகவே வாழும். அந்தச் சிகிச்சையே இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

"ஆனா உங்களுக்கு அது ஒத்து வராது சார். நாத்தங்கால்லயே நாத்து இல்ல. எதை எடுத்து எங்க நடறது? விக் வேணும்னா…"

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க. ஒருக்கா வெச்சேன். சிவன்மலைத் தேருக்குப் போனனா, காத்தடிச்சுதுங்க." அவர் கையை மேலே தூக்கிக் காட்டினார். "தேரை வுட்டுப்போட்டு சனம் பூரா அதைத்தான் பார்த்துதுங்க. எனக்கு அந்தப் புது வைத்தியம் வேணும். வர்ற தீபாவளிக்குக் கம்பெனி ஆரம்பிச்சு வெள்ளிவிழா. தலைப்பாகை இல்லாம மேடை ஏறோணும்."

அந்தப் புது வைத்தியத்தின் பெயர் இரவல் முடி. அடுத்தவர் முடியை நட்டால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்துக் கொன்றுவிடும் என்பதுதான் இத்தனை காலமும் இருந்த சிக்கல். கொரியாவில் ஆராய்ச்சி செய்த சிந்துஜாவின் குழு அந்த வேருக்கு ஒரு போர்வையைக் கண்டுபிடித்திருந்தது. போர்வைக்குள் இருக்கும் வேரை உடம்பு பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடும். கொடுப்பவரிடமிருந்து கொஞ்சம் முடி எடுத்தால் போதும். ஆய்வகத்தில் அந்தக் குமிழ்களை நாற்றுப்போல வளர்த்து ஒரு தலை நிறைய நடலாம்.

"யாரு முடிங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பேரு சொல்ல விதி இடம் கொடுக்காது. இளம்பெண். பின்மண்டையில குதிரைவால் மாதிரி அடர்த்தி."

"பொம்பள முடியா! நெம்ப நல்லதுங்க. எந்த ஊர்ப் புள்ளையோ, மவராசியா இருக்கட்டும்." தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

கதவு மூடியதும் உள்ளறையிலிருந்து மேகலா வந்தாள். சிந்துஜாவின் தங்கை. நெற்றியிலிருந்து உச்சிவரை அவள் தலையில் முடி இல்லை. சூடு பட்டுச் சுருங்கியதுபோன்ற தழும்பு மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால், கழுத்துக்கு மேல், முடி காடாக அடர்ந்திருந்தது.

"மவராசியாம்," என்றாள் மேகலா.

எட்டு வருடத்துக்கு முன் மேகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நெற்றியோரம் இளநரை எட்டிப் பார்த்ததால், நரையை மூலிகையால் கருப்பாக்கும் என்று சென்னியப்பன் கம்பெனி விற்ற அஞ்சனத்துளி தைலத்தை வாங்கித் தேய்த்தாள். முதல் புட்டியில் அரிப்பு. இரண்டாவது புட்டியில் தலை வீங்கிக் கண் மூடி, புண்ணாகி, சீழ் பிடித்தது. எண்ணெயில் மூலிகையோடு மலிவான கருப்புச் சாயமும் இருப்பதாகத் தனியார் ஆய்வகம் சொன்னது. வழக்குப் போட்டபோது சென்னியப்பனின் வக்கீல், அது போலிச் சரக்கு என்றார். கம்பெனி கோர்ட்டுக்குக் கொடுத்த புட்டிகளில் சாயம் இல்லை. சென்னியப்பன் ஒருநாள்கூட கோர்ட்டுக்கு வரவில்லை. எண்ணெயில் சாயமே இல்லை என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் மட்டும் அனுப்பினார், வழக்கு தள்ளுபடியானது. 'அந்தப் பெண்ணுக்குப் பரம்பரைப் புழுவெட்டு' என்று அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது.

பரம்பரை என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது கொரியாவில் படித்துக்கொண்டிருந்த சிந்துஜாவுக்குப் பேசி வைத்திருந்த இடமும் நழுவியது. அப்பா கொப்பரைச் சந்தைக்குப் போவதை விட்டார்.

சிந்துஜா தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து, பின்கழுத்தில் மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டாள்.

"வலிச்சா சொல்லு. இப்ப நான் செய்யப்போறது என்னன்னு உனக்கு முழுசாத் தெரியணும். ஒவ்வொரு முடிக் குழியைச் சுத்தியும் காவல்கார செல்லுங்க இருக்கு. தோலுக்கு ஒரு பொருள் ஒத்துக்காம போச்சுன்னா, அதுங்க அந்தப் பொருளோட முகத்தை ஞாபகம் வெச்சுக்கும். அப்புறம் எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் விடாது. மத்தவங்க முடியை நான் நடறதுக்கு முன்னால அந்தக் காவல்காரங்களைக் கழுவி எடுத்துருவேன். அதுதான் முறை. அலர்ஜி இருக்கறவங்ககிட்ட முடியே வாங்கக் கூடாது, அதுவும் முறை."

"என்னோடதைக் கழுவ மாட்டே."

"கழுவ மாட்டேன். குமிழோட சேர்த்து அவங்களையும் வளர்ப்பேன்."

"அப்ப என் முடி அவனை மறக்காதா?"

"அவனோட சாயத்தை மறக்காது."

மேகலா தலையைக் குனிந்து கொடுத்தாள். சிந்துஜாவின் கையில் இருந்த கருவி மெல்லச் சுழன்றது.

"எண்ணெயில சாயம் இல்லேன்னு அவன் சத்தியம் பண்ணது நெசம்னா?"

"நெசம்னா அவனுக்கு ஒண்ணுமே ஆகாது. நல்ல முடியோட நூறு வயசு இருப்பான். ஆனா மேகலா, நோயாளிக்குத் தெரியாம நோயை நடறேன். நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல."

"எனக்கு அவன் சாக வேண்டாம்க்கா. காசும் வேண்டாம். 'எண்ணெய்தான்'னு அவன் வாயைத் தொறந்து நாலு பேர் முன்னால சொல்லணும். ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் முடி குடுக்கறேன்."

நடவு நல்லபடியாக நடந்தது. சிந்துஜா ஒவ்வொரு குமிழையும் அதற்குரிய சாய்வில் வைத்தாள். நெற்றியோரத்தில் ஒற்றை முடிகளாக, முன்னோக்கிப் படுக்கிற மாதிரி. உச்சியில் இரட்டையும் மூன்றுமாக, சுழிக்கு ஏற்ற வட்டத்தில். பகைவன் தலை என்பதற்காக ஒரு முடியையும் கோணலாக வைக்கவில்லை. நட்ட முடி முதலில் உதிர்ந்தது. அது வழக்கம்தான், வேர் உள்ளே உறங்கும். பிறகு பூனைமுடியாக எட்டிப் பார்த்து, கோடை முடிவதற்குள் கருகருவென்று நின்றது.

அக்காவும் தங்கையும் காத்திருந்தார்கள். அவர் எண்ணெய் தேய்ப்பார், எரியும், வருவார் என்று. அவர் வந்தார். ஆனால் சீப்பை எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாருங்க டாக்டரம்மா! ஊட்டுக்காரி என்னை யாரோன்னு நெனச்சு முந்தானையை இழுத்து வுட்டுக்கிட்டாளுங்க!"

சிந்துஜா தோலைச் சோதித்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சாயத்தை நிறுத்திவிட்டாரா? அல்லது உண்மையிலேயே அன்று அது போலிப் புட்டியா?

"தலைக்கு என்ன எண்ணெய் வைக்கறீங்க சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"நம்ம செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெய்தானுங்க."

"அஞ்சனத்துளி இல்லையா?"

சென்னியப்பன் கண்ணைச் சிமிட்டினார். "அது யாவாரத்துக்குங்க. ஊட்டுக்குள்ள வுடறதில்ல. என்ற மருமக கொண்டாந்து வெச்சா, அன்னைக்கே தூக்கி எறிஞ்சு போட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, டாக்டருக்கிட்டயும் வக்கீலுக்கிட்டயும் மறைக்கலாமுங்களா?"

அன்று சாயங்காலம் சிந்துஜா இதைச் சொன்னபோது மேகலா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சிருந்தும் என்னைப் பரம்பரைன்னான்."

"வெள்ளிவிழா முடியட்டும். அடுத்த தடவை வரப்ப நானே சோதனைன்னு சொல்லி ஒரு சொட்டு…"

"உன் கையால வேண்டாம். அப்புறம் உன் மேல போட்டுருவான். அவன் கையாலயே அவன் புட்டியைத் தொறக்கணும். நான் போறேன்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் கம்பெனி வியாபாரிகளைக் கூட்டி விருந்து வைக்கும். அதில் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் ஒருத்தி மேடைக்கு வந்து, தீபாவளி எண்ணெய்போல முதலாளியின் உச்சியில் மூன்று சொட்டு வைத்து வாழ்த்துவாள். இத்தனை வருடமும் தலைப்பாகைமேல்தான் வைத்தார்கள். இந்த வருட விருந்துதான் வெள்ளிவிழா, தலைப்பாகை இல்லை. மேசையில் அவருக்கென்று ஒரு அஞ்சனத்துளிப் புட்டி தயாராக இருந்தது, உள்ளே இருந்தது வெறும் செக்கெண்ணெய்.

ஈரோட்டு வியாபாரி ஒருவரைப் பிடித்து மேகலா அந்த வாய்ப்பை வாங்கியிருந்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மேடை ஏறினாள். சென்னியப்பன் அவளை ஒருபோதும் பார்த்ததில்லை.

"வா அம்மிணி," என்றார், குனிந்து தலையைக் காட்டியபடி. கூட்டம் கைதட்டியது.

மேகலா அந்த மேசைப் புட்டியைத் தொடவில்லை. மேடையின் ஓரத்தில் பரிசுக்காகக் கோபுரமாக அடுக்கியிருந்த புட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"உங்க கையாலயே சீல் ஒடைச்சுக் குடுங்கண்ணா. நாங்க கடையில வாங்கறதும் இதுதானுங்களே?"

மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசை வியாபாரி ஒருவர், "ஒடைங்க முதலாளி! சரக்கு நம்ம சரக்குதான?" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது.

சென்னியப்பனின் கை புட்டியின்மேல் ஒரு கணம் நின்றது. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அந்த ஒருவர் தானாக இருக்க முடியாது என்றும் நினைத்தார். எல்லா முதலாளிகளும் அப்படித்தான் நினைப்பார்கள். மூடியைத் திருகினார். சீல் உடைந்தது. மேகலா மூன்று சொட்டு வைத்து, விரலால் உச்சியில் தேய்த்தாள். தன் முடியைத் தானே தொட்டாள். எட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு முன்மண்டையில் அதைத் தொட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிரித்தார், படம் எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். மேகலாவுக்குப் பதற்றமில்லை. அக்கா சொல்லியிருந்தாள். இந்த வகை அலர்ஜி உடனே பாயாது. காவல்காரர்கள் முகத்தை அடையாளம் காண வேண்டும், ஆள் திரட்ட வேண்டும். ஒரு நாள் ஆகும், சிலசமயம் இரண்டு.

இரண்டாம் நாள், தீபாவளியன்று, சென்னியப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மருத்துவமனையின் பின்வாசல் வழியாக வந்தார். கண்கள் கோடாகச் சுருங்கியிருந்தன. நெற்றி பூசணிக்காயாக உப்பியிருந்தது. நட்ட முடியின் அடியில் நீர் கசிந்தது.

"எரியுது டாக்டரம்மா. நெருப்பை அள்ளிப் போட்டாப்பல எரியுது. ஏதாச்சும் பண்ணுங்க."

சிந்துஜா ஊசி போட்டாள், களிம்பு தடவினாள், ஈரத்துணி போட்டாள். சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிறகு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் குமிழைப் பற்றிச் சொன்ன அதே பொறுமையோடு, காவல்காரர்களைப் பற்றிச் சொன்னாள். அவர்களுக்கு எது எதிரி என்று சொன்னாள். அந்த முடி யாருடையது என்று சொன்னாள்.

சென்னியப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தப் புழுவெட்டுக்காரியா?" குரல் உயர்ந்தது. "என் மண்டையிலயா? உன்னை என்ன பண்றேன் பாரு. போலீசுக்குப் போறேன். உன்ற படிப்பை, இந்த ஆஸ்பத்திரியை, எல்லாத்தையும்…"

"போங்க சார். நானே ஆட்டோ சொல்றேன். போயி என்னன்னு எழுதிக் குடுப்பீங்க? இந்த முடி ஒரே ஒரு பொருளுக்குத்தான் எரியும். எதுக்கு எரிஞ்சுதுன்னு கேப்பாங்களே?"

அவர் நெற்றிமேல் இருந்த ஈரத்துணியை இழுத்துப் போட்டார்.

"இதைப் புடுங்கி எறி."

"புடுங்கலாம். ஆனா காவல்காரங்க இந்நேரம் வேரை விட்டு உங்க தோலுக்கே குடி வந்திருப்பாங்க. இனிமே முடி இருந்தாலும் இல்லாட்டியும் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது. என் தங்கச்சி மாதிரியே."

அவர் போலீசுக்குப் போகவில்லை. வக்கீல் வேறு வழி சொன்னார். மருத்துவக் கவுன்சிலில் புகார். நட்ட முடியே தரக்குறைவு என்று மட்டும் சொன்னால் போதும், வேறெதுவும் பேச வேண்டாம், டாக்டரின் உரிமம் தானாகப் போகும்.

தை மாதம் சென்னையில் விசாரணை நடந்தது. தலைவராக ஒரு வயதான அம்மையார் இருந்தார். சிந்துஜா வக்கீல் வைக்கவில்லை. மேகலா பின்வரிசையில் தலையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வெச்ச முடியில குறை இருக்கான்னு கவுன்சிலே சோதிச்சிருக்கு மேடம்," என்றாள் சிந்துஜா. "சோப்பு, ஷாம்பு, தேங்காயெண்ணெய், வியர்வை, வெயில். எதுக்கும் எதிர்ப்பு இல்ல. வேறெதுக்கோ எதிர்ப்பு வந்திருக்கு. தலையில என்ன பட்டுதுன்னு அவரைக் கேளுங்க."

"என்ன பட்டது?" என்று தலைவர் கேட்டார்.

"ஒண்ணும் படலைங்க," என்றார் சென்னியப்பன்.

"அப்படியானால் புகாருக்கு ஆதாரமே இல்லையே. தள்ளுபடி செய்துவிடட்டுமா?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். மேகலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, தன் பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறவளைப்போல. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், உட்காருங்க," என்று வக்கீல் கையைப் பிடித்தார். "வேண்டாம் சார்."

"வுடுய்யா! இந்த அக்காளும் தங்கச்சியும் என்னைக் கொல்லப் பார்த்துப்போட்டு வூட்டுக்குப் போயி சிரிக்கறதா? என்ற எண்ணெயில சாயம் இருக்குதுங்க மேடம்! ஆரம்பத்துல இருந்தே இருக்குது! அதுலதான் அவ தலை வெந்துது. அது தெரிஞ்சேதான் அவ முடியை எடுத்து என் மண்டையில நட்டிருக்கறா இவ! எழுதிக்குங்க! எழுதி இவ படிப்பைப் புடுங்குங்க!"

அறையில் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் சிந்துஜாவைப் பார்த்தார்.

"தெரிந்தே செய்தீர்களா?"

"ஆமா மேடம்," என்றாள் சிந்துஜா. "கழுவ வேண்டியதைக் கழுவல. தெரிஞ்சேதான்."

அஞ்சனத்துளி ஆலைக்குப் பூட்டு விழுந்தது. சிந்துஜாவின் உரிமம் பறிக்கப்பட்டது. அத்தோடு நிற்கவில்லை. முழுதாக ஆராயும்வரை இரவல் முடி சிகிச்சையே நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அந்த வாரம் சிந்துஜாவுக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். புற்றுநோய்க்காகத் தலையில் கதிர்வீச்சு வாங்கி, முடி திரும்பாமல் போனவள். பங்குனியில் அவளுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"டாக்டர், எனக்கு மட்டும் பண்ணிவிட முடியாதா? நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலையே டாக்டர்."

எதையும் விளக்கிச் சொல்லத் தெரிந்த சிந்துஜா, அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போனை வைத்தாள்.

மேகலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பேச்சு அவளுக்கும் கேட்டிருந்தது.

"கவுன்சில்ல இருந்து சொன்னாங்க," என்றாள் சிந்துஜா. "அவருக்கு அந்த முடியை அரசாங்கச் செலவுலயே எடுத்துத் தரோம்னு கேட்டிருக்காங்க. வேண்டாம்னுட்டாராம். ஆலை போச்சு, பேரு போச்சு, முடியாவது இருக்கட்டும்னாராம். நீ வேணும்னா உன்னோடதைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். இரவல் குடுத்தவங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

மேகலா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா, அவன்கிட்டயே இருக்கட்டும். தெனமும் காலையில எழுந்து கண்ணாடி முன்னால நின்னு, அவன் என் தலையை வாரி விடட்டும்."